ஒரே ரூமுக்கு ரெண்டு கதவு

இல்லை தம்பி, மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒண்ணும் இல்லை, லேப்டாப்தான். மேல் கம்பியில வச்சா இவன் ஓட்டுற ஓட்டுக்குக் கிருஷ்ணன்கோவில் வளைவுல யார் மண்டையிலயாவது விழும். மண்டை போறது ஒரு பக்கம். இது போச்சுன்னா மதுரையில ஒருத்தி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவா.

வீட்டம்மாதான். பதினோரு நாளா மதுரையில இருக்கா. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. எதுக்குன்னு கேட்டா சிரிப்பீங்க. ஒரு ஃபோல்டர். ஒரே ஒரு ஃபோல்டருக்காக இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தை விட்டுட்டுப் போனவ ஊர் உலகத்துல வேற எவளும் இருக்க மாட்டா. உங்க கழுத்துல அட்டை தொங்குதே, கம்ப்யூட்டர் கம்பெனியா? அப்ப நல்லதாப் போச்சு. நியாயத்தை நீங்களே சொல்லுங்க. மதுரைக்கு இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு.

என் பேரு பூவலிங்கம். ராஜபாளையத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஸ்டோர் கீப்பர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். பேரிங், பெல்ட், பாபின், ஆயில் சீல், எது கேட்டாலும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக் குடுப்பேன். என் கொள்கை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு சரக்குக்கு ஒரு இடம். ஒரே பேரிங் ரெண்டு ரேக்குல இருந்தா, ஒண்ணு களவு போகப் போகுதுன்னு அர்த்தம், இல்லைன்னா வாங்கினவன் முட்டாள்னு அர்த்தம். நான் பொறுப்பெடுத்தப்போ ஒரே ஆயில் சீல் நாலு இடத்துல கிடந்துச்சு. ஒரே வாரத்துல ஒழிச்சேன். எம்.டி. கூப்பிட்டுக் கை குடுத்தாரு. அந்த போட்டோ எங்க ஹால்ல மாட்டியிருக்கு. வடிவு அதைத் துடைக்கிறப்போ கொஞ்சம் அழுத்தித்தான் துடைப்பா, ஏன்னு தெரியலை.

வடிவுன்னா சண்முகவடிவு, என் சம்சாரம். ஸ்கூல்ல தமிழ் டீச்சர். நல்ல சம்பளம், பென்சன் உண்டு, மூணு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம். இதுக்கு மேல ஒரு மனுஷிக்கு என்ன வேணும்? ஆனா அவளுக்கு டாக்டர் ஆகணும். ஊசி போடுற டாக்டர் இல்லை, சும்மா பேருக்கு முன்னாடி போட்டுக்கிற டாக்டர். ஒன்பது வருஷமா எழுதுறா. ஒன்பது வருஷத்துல நம்ம ஊர்ல மேம்பாலமே கட்டி முடிச்சிருவாங்க. சரி, அதை விடுங்க, அந்தப் பாலம் கதை வேற.

எதைப் பத்தி எழுதுறான்னு கேளுங்க. சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்ல பொம்பளைங்க தீக்குச்சியைக் கட்டையில அடுக்குவாங்கல்ல, அப்போ மேஸ்திரிக்கு விளங்காதபடி தங்களுக்குள்ள ஒரு பேச்சுப் பேசிக்குவாங்களாம். அந்தப் பேச்சை எழுதுறாளாம். மேஸ்திரி வர்றான்னு சொல்ல ஒரு வார்த்தை, அவன் குடிச்சிருக்கான்னு சொல்ல ஒரு வார்த்தை, இவளுக்கு உடம்பு முடியலை, இவ பங்கையும் நீ அடுக்குன்னு சொல்ல ஒரு வார்த்தை. இப்படி அறுநூத்தி சொச்சம். ஞாயித்துக்கிழமை ஆனா நோட்டைத் தூக்கிக்கிட்டு சாத்தூர் பஸ் ஏறிருவா. நான் ஒன்பது வருஷமா ஞாயித்துக்கிழமை மத்தியானம் சனிக்கிழமைக் குழம்பைத்தான் சாப்பிடுறேன். ஒரு நாள் வந்து, வெள்ளத்தாயின்னு ஒரு அம்மா செத்துப் போயிருச்சு, எண்பது வார்த்தை அதுகிட்டதான் வாங்கினேன், இப்போ அதெல்லாம் என் நோட்டுல மட்டும்தான் இருக்குன்னு சொல்லி அழுதா. யாரோ ஒரு கெழவி. சொந்தமா பந்தமா? அழுவுறா.

மில்லுல பயலுக என்னைக் கேலி பண்ண ஆரம்பிச்சுட்டானுக. 'என்ன ஸ்டோரு, இனிமே டாக்டரம்மா வீட்டுக்காரர்னுதான் உங்களைக் கூப்பிடணுமா'ன்னு. எனக்கு அதுல ஒண்ணும் வருத்தம் இல்லை தம்பி. வருத்தம்னு நான் சொன்னேனா? இல்லை.

விஷயத்துக்கு வர்றேன். ஆடி மாசம் அவளோட பழைய கம்ப்யூட்டர் புகைஞ்சு போச்சு. சரின்னு நான் இந்த லேப்டாப்பை வாங்கினேன். என் பேர்ல, என் கார்டுல. கொண்டு வந்து வச்சு, பென்டிரைவ்ல இருந்த காப்பியை ஏத்தினா, அவ ஒன்பது வருஷமா அடிச்ச தமிழ் எழுத்து இதுல தெரியலை. ஏதோ பழைய சாஃப்ட்வேராம், பழைய விண்டோஸ்லதான் ஓடுமாம். கட்டம் கட்டமா வருது. அப்போதான் ஜெனிட்டா உள்ளே நுழைஞ்சா. வடிவு ஸ்கூல்லயே கம்ப்யூட்டர் டீச்சர். முப்பது வயசு இருக்கும். வந்து உட்கார்ந்து ஒரு சாயங்காலம் என்னத்தையோ தட்டினா. முடிஞ்சதும் பார்த்தா, கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர். ஒரு சின்னச் சதுரம். அதுக்குள்ள பழைய பச்சைப் புல்லு, நீல வானம், பழைய விண்டோஸ். சத்தியமாச் சொல்றேன், உள்ள ஒரு குடித்தனமே வச்சுட்டா. என் வீட்டுல என்னைக் கேக்காம வாடகைக்கு ஆள் வச்ச மாதிரி.

உங்களுக்குத் தெரியுமா அது? தெரியும்ல. எனக்குச் சொல்லித்தான் குடுத்தா. 'அண்ணா, உள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்கு வெளியில இருக்கிறது எதுவும் தெரியாது. அதனால வெளியில அக்காவோட ஃபோல்டர் ஒண்ணை மட்டும் உள்ளேயும் தெரியுற மாதிரி பகிர்ந்து விட்டிருக்கேன். ரெண்டு ஃபோல்டர்னு நினைச்சுக்காதீங்க. ஒரே ரூமு, ரெண்டு கதவு. உள்ள இருந்து போனாலும் அதே ரூமுதான், வெளியில இருந்து போனாலும் அதே ரூமுதான்.' நல்லாத்தான் சொன்னா. நானும் நல்லாத்தான் தலையாட்டினேன். ஆனா ஒரு பொம்பளைப் புள்ளை, என் லேப்டாப் முன்னால உட்கார்ந்துக்கிட்டு, எனக்கு ரூமும் கதவும் பாடம் எடுக்கிறப்போ மனசு எங்க தம்பி நிக்கும்? நான் மில்லுல மூவாயிரம் அயிட்டத்தைத் தலையில வச்சிருக்கிறவன்.

வடிவு வேற ஒரு சீட்டு எழுதி ஸ்கிரீன் ஓரத்துல ஒட்டி வச்சிருந்தா. 'உள்ளே அழித்தால் வெளியேயும் அழியும்.' தமிழ் டீச்சர் வீடு. ஃபிரிட்ஜ்ல ஒரு பாட்டு, பீரோவுல ஒரு பாட்டுன்னு எங்க பார்த்தாலும் ஒட்டி வச்சிருப்பா. இதுவும் ஏதோ ஞானப் பாட்டுன்னு விட்டுட்டேன்.

இப்போ போகி வருது. எங்க வீட்டுல போகின்னா சும்மா பாயைக் கொளுத்துற போகி இல்லை. நான் முதல் நாளே லிஸ்ட் போட்டுருவேன். எது வேணும், எது வேண்டாம், எது ரெண்டு தடவை இருக்கு. காலையில வடிவு அவங்க அண்ணன் வீட்டுக்குப் போனா. நான் வேலையை ஆரம்பிச்சேன். பரண்ல அவளோட நோட்டு இருபத்தேழு. எல்லாம் சாத்தூர் நோட்டு. நான் யோசிக்காம ஒண்ணும் செய்யலை தம்பி. ஒரு நோட்டை எடுத்து, கம்ப்யூட்டரைத் திறந்து, நாலு வார்த்தை ஒத்துப் பார்த்தேன். நோட்டுல இருக்கிறது அப்படியே கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கு. அப்போ எதுக்கு நோட்டு? ஒரு சரக்குக்கு ஒரு இடம். வாசல்ல போட்டேன், நல்லா எரிஞ்சுச்சு.

பொறுங்க, அதுக்கே ஏன் இப்படிப் பார்க்கிறீங்க? கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொல்றேன்ல.

அப்புறம் கம்ப்யூட்டரையும் சுத்தம் பண்ணலாம்னு உட்கார்ந்தேன். அது ஒரு மாசமா இடம் இல்லை, இடம் இல்லைன்னு சிவப்பாக் காட்டிக்கிட்டே இருந்துச்சு. பார்த்தா, வெளியில டி டிரைவ்ல வடிவு ஃபோல்டர். அத்தியாயம் ஒண்ணுலேர்ந்து ஆறு, சொற்பட்டியல், அது இதுன்னு நாற்பத்தொரு ஃபைல். உள்ள இருக்கிற அந்தச் சின்னக் கம்ப்யூட்டரைத் திறந்தா, அங்கேயும் ஒரு டிரைவ், அதுலயும் அதே அத்தியாயம், அதே சொற்பட்டியல். நான் அவசரப்பட்டேன்னு ஜெனிட்டா சொல்றா. நானா அவசரப்பட்டேன்? பேப்பரை எடுத்துக் கோடு போட்டு, இந்தப் பக்கம் வெளியே, அந்தப் பக்கம் உள்ளேன்னு நாற்பத்தொண்ணையும் எழுதி டிக் அடிச்சேன். பேரு, தேதி, அளவு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு டாலி. ஆடிட்டர் பார்த்தாக் கையெடுத்துக் கும்பிடுவாரு. நாற்பத்தொண்ணும் டாலின்னா என்ன அர்த்தம்? ஒரே சரக்கு ரெண்டு இடத்துல இருக்குன்னு அர்த்தம். அந்தச் சீட்டு கையைத் தடுத்துச்சு, பிய்ச்சுப் போட்டேன். உள்ள இருந்ததை மொத்தமா செலக்ட் பண்ணி டிலீட் குடுத்தேன். நிரந்தரமா அழிக்கவான்னு கேட்டுச்சு. மில்லுலயும் ஸ்கிராப் நோட்டுல ரெண்டாவது கையெழுத்துக் கேப்பாங்க. ஆமான்னேன்.

மனசு எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா? எழுந்து போய்க் காபி போட்டுக் குடிச்சேன். திரும்பி வந்து வெளி ஃபோல்டரைத் திறந்தா, காலி.

நான் முதல்ல என்ன நினைச்சேன், சொல்லுங்க? வைரஸ். அப்புறம், ஜெனிட்டா ஏதோ செஞ்சுட்டா. குப்பைத் தொட்டியில தேடினேன், அங்கேயும் இல்லை. பகிர்ந்த ஃபோல்டர்ல உள்ள இருந்து அழிச்சாத் தொட்டிக்கே வராதாம், நேராப் போயிருமாம். இதை எவனாவது முன்னாலேயே சொன்னானா? ஜெனிட்டா சொன்னேங்கிறா. அக்கா சீட்டுல எழுதி ஒட்டினாங்களேங்கிறா. சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல?

வடிவு சாயங்காலம் வந்தா. நான் சொன்னேன், பக்குவமாத்தான் சொன்னேன். சத்தம் போடுவா, ரெண்டு பாத்திரம் பறக்கும், அதோட முடியும்னு எதிர்பார்த்தேன். ஒண்ணும் இல்லை. பென்டிரைவை எடுத்தா. அதுல ஒரு காப்பி வச்சிருந்தாளாம். அதுல ஐயப்பன் பாட்டுதான் இருந்துச்சு. மார்கழியில மலைக்குப் போற வேனுக்கு நான்தான் சுத்தம் பண்ணிப் பாட்டு ஏத்தினேன். கம்ப்யூட்டர்லதான் எல்லாம் இருக்கேன்னு. குருசாமியே வேன்ல எல்லார் முன்னாலயும் பாட்டு அருமைன்னு சொன்னாரு. அதைச் சொன்னேன் அவகிட்ட. அவ பரணை அண்ணாந்து பார்த்தா. பரண் சுத்தமா இருந்துச்சு. வாசலுக்குப் போய் அந்தச் சாம்பல்கிட்ட உட்கார்ந்துட்டா. பக்கத்து வீட்டுக்காரங்க கோலம் போட வந்தவங்க, ஏன் டீச்சர் இங்க உட்கார்ந்திருக்கீங்கன்னு கேக்குறாங்க. என் மானம் போச்சு.

லேப்டாப்பை மூடி என் கையில குடுத்து, 'இதைத் தொடாதீங்க' அப்படின்னா. அவ்வளவுதான் பேசினா. மறுநாள் பொங்கல். ஊரே பொங்கலோ பொங்கல்னு கூவுது, இவ பையைத் தூக்கிக்கிட்டு மதுரை பஸ் ஏறிட்டா. ஜெனிட்டாவோட அக்கா வீடு அங்க இருக்கு. நான் கரும்பைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன்.

யுனிவர்சிட்டியில பிப்ரவரி பத்துக்குள்ள குடுக்கணுமாம். ஏற்கெனவே ரெண்டு தடவை தவணை வாங்கிட்டா, இனிமே கிடையாதாம். குடுக்கலைன்னா ஒன்பது வருஷமும் ரத்து. ஞாபகத்துல இருந்து எழுத உட்கார்ந்திருக்கான்னு ஜெனிட்டா சொன்னா. நூத்தி நாற்பது வார்த்தை வந்துச்சாம், அதுக்கு மேல வரலையாம். சாப்பிடுறதும் இல்லையாம். நான் என்ன வேணும்னா பண்ணினேன்? ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, வீட்டுக்குள்ள போனா கால் வைக்கவே பயமா இருக்கு. எல்லாம் அதது அந்தந்த இடத்துல இருக்கு, எடுக்கத்தான் ஆள் இல்லை. நேத்து ஞாயித்துக்கிழமை, பழைய குழம்புகூட இல்லை.

நேத்துதான் போன் பண்ணினா. பத்து நாள் கழிச்சு. 'எப்படி இருக்கீங்க'ன்னு ஒரு வார்த்தை இல்லை. மதுரையில ஒருத்தர் அழிஞ்சதை மீட்டுக் குடுப்பாராம். அவர் சொன்னாராம், அழிச்சா உடனே போயிராது, ஹார்ட் டிஸ்க்ல அடியில அப்படியேதான் கிடக்கும், அது மேல வேற எதையாவது ஏத்தினாத்தான் போகும். அதுக்கப்புறம் எதுவும் ஏத்தலைன்னா முக்கால்வாசி எடுத்துரலாம்னு. அவ குரல் பழையபடி இருந்துச்சு தம்பி. அவளே பேசிக்கிட்டிருந்தா, எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. ஜெனிட்டாவை அனுப்பி எடுத்துக்கிறேன்னா. நான் விடலை. என் லேப்டாப், நானே கொண்டு வர்றேன்னேன். சரி, ஆனா ஆன் பண்ணாதீங்க, கை வைக்காதீங்கன்னு நாலு தடவை சொன்னா. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி. சரிம்மான்னேன். நான் ஆன் பண்ணலை. கை வைக்கவே இல்லை. சொன்னாச் சொன்னபடி இருக்கிறவன் நான்.

ஆனா பதினோரு நாள் கழிச்சுப் பொண்டாட்டியைப் பார்க்கப் போறப்போ, வைரஸ் பிடிச்சுச் சிவப்பாக் காட்டுற பெட்டியை அப்படியே கொண்டு போய் நீட்டுறதா? மனுஷனுக்கு ஒரு இது வேண்டாமா? அதனால நேத்து சாயங்காலமே நம்ம பால்பாண்டியோட கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில குடுத்துட்டேன். அவன்தான் ஆன் பண்ணினான், நான் இல்லை. 'அண்ணாச்சி, அடியோட துடைச்சுப் புதுசாப் போட்டுரவா'ன்னான். போடுப்பான்னேன். உள்ள இருந்த அந்த ரெண்டாவது கம்ப்யூட்டரையும் தூக்கிட்டான். இனிமே உள்ளே வெளியேங்கிற குழப்பமே கிடையாது. வடிவுக்குப் பழைய பாட்டுன்னா உயிரு. இடம் இருக்கிற வரைக்கும் ஏத்துப்பான்னேன். ராத்திரி பூரா ஓட விட்டு, டி டிரைவ் நிறைய நிறைய ஏத்திக் குடுத்திருக்கான். எட்டாயிரம் பாட்டு. படம் தனி. காலையில எடுத்துப் பார்த்தா என்னமாப் பளபளன்னு இருக்கு. அதான் சொல்றேன், இதைப் பார்த்தா அவ கோவம்…

என்ன தம்பி, தலையில கை வச்சுட்டீங்க? வாந்தி வருதா? ஜன்னல் பக்கம் வேணும்னா வாங்க.

என்ன சொன்னீங்க? மெதுவாச் சொல்லுங்க, பஸ் சத்தத்துல கேக்கலை.

இல்லை இல்லை, அவர் மேல ஏத்தினாத்தான் போகும்னுதானே சொன்னாரு. நாங்க துடைச்சுட்டுத்தானே ஏத்தினோம். துடைச்சு… அதே இடத்துலயா? அடியில கிடந்ததுக்கு மேலயா? முழுசுமா? பாட்டை அழிச்சுட்டா அடியில இருக்கிறது தெரியாதா? ஏன் தலையை ஆட்டுறீங்க, வாயைத் திறந்து சொல்லுங்க. ஒரு அத்தியாயமாவது? அத்தியாயம் வேண்டாம் தம்பி. அந்தச் சொற்பட்டியல், அந்த ஒரு ஃபைல் மட்டும்?

திருமங்கலம் தாண்டியாச்சா? எப்போ தாண்டுச்சு?

இருங்க, போன் அடிக்குது. அவதான். காலையிலேர்ந்து மாட்டுத்தாவணியில வந்து நிக்கிறாளாம், ஏழு மணிக்கே ஜெனிட்டா போன்ல சொன்னா. மணி நின்னுருச்சு பாருங்க. மறுபடியும் அடிக்குது. தம்பி, நீங்க எடுங்க. இந்தாங்க, பிடிங்க. நான் தூங்கிட்டேன்னு சொல்லுங்க.